கரியால் கீறிய பியானோ

1914 ஓகஸ்ட் மாதத்தின் பிற்பகுதி. போலந்தின் ஸமோஷ்ச் நகருக்கு அண்மையில் ரஷ்யப் படைகளின் நிலைகளை வேவு பார்க்கப்போன ஒஸ்ரியக் குதிரைப்படையினர் சிலர் சூட்டில் சிக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொறுப்பாகப் போயிருந்த இளம் அதிகாரியின் வலது முழங்கையைச் சன்னம் ஒன்று சிதைத்தது. யுத்தம் தொடங்கி ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

கிராஸ்னிஸ்டாவ் என்ற ஊரில் இயங்கிய கள வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். கையைக் காப்பாற்ற முடியாது என்று வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள். மயக்கமருந்து கொடுத்து வெட்டினார்கள். அதற்குள் ஊர் ரஷ்யப் படைகளின் வசமாகிவிட்டது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது அவருக்கு வலது கை இல்லை. அதோடு அவர் ஒரு போர்க்கைதியாகவும் ஆகியிருந்தார்.

வைத்தியசாலை ஒன்று படைகளிடம் கைமாறும்போது உள்ளே படுத்திருப்பவர்களின் நிலை என்னவாக இருக்கும் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த அதிகாரியின் பெயர் பவுல் விட்கன்ஸ்ரைன். வயது 26. அவரது தொழில் பியானோ வாசிப்பது.

பியானோ நம்மில் பலருக்குத் தூரத்து வாத்தியம். தேவாலயத்திலோ பழைய மிஷன் பாடசாலை மண்டபத்திலோ கண்டிருப்போம். 88 கட்டைகள் ஒரே வரிசையில் இருக்கும். இடது கை தாழ்ந்த சுரங்களில் அடித்தளம் போட்டுக்கொடுக்க, வலது கை மேலே மெட்டை வாசிக்கும். கேட்பவர் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் வலது கை வாசித்ததைத்தான். பவுல் இழந்தது அந்தக் கையை.

அவரது குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தந்தை கார்ல் விட்கன்ஸ்ரைன், ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசின் இரும்பு உருக்குத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். அந்தப் பேரரசின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர். வியன்னாவில் இருந்த அவர்களது மாளிகைக்கு பிராம்ஸ், மாலர் போன்ற இசை மேதைகள் வந்துபோனார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அந்த வீட்டுக்கு வந்தால் சிறுவன் பவுலோடு சேர்ந்து பியானோ வாசிப்பாராம். தாய் லெயோபோல்டீனும் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்.

பணமும் இசையும் நிறைந்திருந்த அந்த வீட்டில் நிம்மதி இருக்கவில்லை. ஆண்பிள்ளைகள் தொழிற்சாலைகளைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்பதில் தந்தை விடாப்பிடியாக நின்றார். மூத்தவர் ஹான்ஸ் வீட்டை விட்டு ஓடிப்போய் 1902 இல் காணாமற்போனார். அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்றே பின்னர் கொள்ளப்பட்டது. 1904 இல் ருடொல்ஃப் பெர்லினில் நஞ்சருந்தி இறந்தார். வீட்டின் கடைக்குட்டி லூட்விக், பிற்காலத்தில் 20ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான தத்துவவாதிகளில் ஒருவராக உலகம் கொண்டாடிய லூட்விக் விட்கன்ஸ்ரைன். அவரும் இளவயதில் பல தடவை அந்த விளிம்புவரை போய் வந்தவர்தான். லூட்விக்குக்கு நேர் மூத்தவர் பவுல்.

மகன் மேடைக் கலைஞனாவதைத் தந்தை விரும்பவில்லை. 1913 ஜனவரியில் அவர் காலமானார். அதே ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி, வியன்னாவின் புகழ்பெற்ற இசை மண்டபத்தையும் ஒரு வாத்தியக்குழுவையும் தானே வாடகைக்கு அமர்த்தி, பவுல் தன் அரங்கேற்றத்தை நடத்தினார். இருபத்தாறு வயதில் அரங்கேற்றம் என்பது பியானோக் கலைஞர்களுக்குப் பிந்திய வயது. காத்திருந்து காத்திருந்து கிடைத்த தொடக்கம் அது. ஒன்பது மாதங்கள்கூடக் கழியவில்லை, கை போய்விட்டது.

கள வைத்தியசாலையிலிருந்து அவரை ரஷ்யாவின் உட்பகுதிகளுக்கூடாக, வைத்தியசாலை மாறி வைத்தியசாலை, ரயில் மாறி ரயிலாகக் கொண்டுபோனார்கள். கடைசியில் சைபீரியாவின் ஒம்ஸ்க் நகரம். காயம் ஆறாத உடம்போடு ஆயிரக்கணக்கான மைல்கள். கைதிகள் இருந்த இடங்களில் குளிரும் பேனும் தைபஸ் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன.

மகன் காயப்பட்டதும் கை இழந்ததும் வியன்னாவுக்குச் செய்தியாகப் போய்ச் சேரவே வாரக்கணக்கானது. வேறொரு முனையில் சிப்பாயாக இருந்த லூட்விக்குக்குத் தாயின் கடிதம் மூலம் தகவல் கிடைத்தது. தன் குறிப்பேட்டில் அண்ணனைப் பற்றி அவர் எழுதிவைத்தார்: ஒரே நாளில் தொழிலையே இழந்துபோனவன் இதைக் கடந்துவர எந்தத் தத்துவம்தான் உதவும் என்ற அங்கலாய்ப்பு அது. உலகின் பெரிய மூளைகளில் ஒன்றுக்கு அதற்கான விடை தெரிந்திருக்கவில்லை.

அண்ணன் தத்துவத்தைத் தேடவில்லை. ஒம்ஸ்கில் ஒரு மரப்பெட்டியைத் தேடிப் பிடித்தார். அதன் மேல் கரித்துண்டால் பியானோவின் கட்டைகளைக் கீறினார், வெள்ளையும் கறுப்புமாக. அதன் முன் உட்கார்ந்து இடது கை விரல்களால் மணிக்கணக்காக அந்தக் கோடுகளைத் தட்டினார். சத்தம் எதுவும் வரவில்லை, மரத்தில் நகம் படுகிற சத்தத்தைத் தவிர. முன்பு இரண்டு கைகளாலும் வாசித்துப் பழகிய உருப்படிகளை மனதுக்குள் ஓடவிட்டு, வலது கையின் வேலையில் எதை இடது கை ஏற்கலாம், எதை விட்டுவிடலாம், எந்தச் சுரத்தை எந்த விரல் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார். கைதிகள் நிறைந்த கூடத்தில் மரப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும் மனிதனைப் பார்த்து, இவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

கைதிகளின் நிலையைப் பார்வையிட்டு வந்த டென்மார்க் தூதர் ஒட்டோ வாட்ஸ்டெட் இதைக் கண்டார். டென்மார்க் யுத்தத்தில் சேராத நாடு. அவர் பேசிப் பார்த்து, ஒரு பழைய பியானோ இருந்த சிறிய விடுதிக்குப் பவுலை மாற்றுவித்தார். பெட்டியில் போட்ட கணக்கு சரியா பிழையா என்று அங்கேதான் முதன்முதலாகக் காதால் கேட்டுப் பார்க்க முடிந்தது. அந்தச் சலுகையும் நிலைக்கவில்லை. பின்னர் அவரை அந்நகரின் கடுமையான சிறைக்கு மாற்றினார்கள்.

அங்கிருந்தபடியே அவர் செய்த இன்னொரு காரியம், வியன்னாவிலிருந்த தன் ஆசிரியர் ஜோசப் லாபோருக்கு, இடது கைக்கு மட்டுமான ஓர் இசைக்கோவையை எழுதித் தரும்படி கேட்டு அனுப்பியது. லாபோர் சிறுவயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர். கண் தெரியாமலே ஓர்கன் வாசித்து, இசை எழுதி, பலருக்குக் கற்பித்து, அந்த நகரத்தின் மதிப்பைப் பெற்றவர். மாணவனின் வேண்டுகோள் வந்து சேருமுன்னரே, நடந்ததைக் கேள்விப்பட்டு, அவர் அதை எழுதத் தொடங்கியிருந்தார். என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் மிகப் பெரிய விடயம் இதுதான். அனுதாபக் கடிதம் எழுதக்கூடிய ஆட்கள் விட்கன்ஸ்ரைன் குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வேலை தந்தவர் பார்வையற்ற கிழவர் ஒருவர்தான்.

1915 நவம்பரில், இனிமேல் போரிட முடியாத கைதிகளை இரு தரப்பும் செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகப் பரிமாறிக்கொண்டபோது, சுவீடன் வழியாகப் பவுல் நாடு திரும்பினார். களத்தில் அவசரமாக வெட்டிய இடத்தில் மறுபடியும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அது ஆறியதும் பியானோவுக்கு முன் போய் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம்வரை பயிற்சி செய்தாரென்று சொல்வார்கள். 1916 டிசெம்பர் 12 ஆம் திகதி, முதல் அரங்கேற்றம் நடந்து மூன்று ஆண்டுகளின் பின், அதே நகரத்தில் லாபோர் எழுதிய கோவையை வாத்தியக்குழுவோடு வாசித்தார். அவரது இரண்டாவது அரங்கேற்றம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு கையால் எப்படி இரண்டு கை இசையை வாசிப்பது? அதிசயம் ஒன்றுமில்லை, நுட்பம் இருக்கிறது. இடது கையைக் கட்டைகளில் வைத்தால் பெருவிரல் வலப்பக்கம், அதாவது உயர்ந்த சுரங்களின் பக்கம் விழும். விரல்களில் பலமானது பெருவிரல். ஆகவே மெட்டைப் பெருவிரலிடம் கொடுத்துவிடலாம். மற்ற நான்கு விரல்களும் கீழே துணைநிற்கும். அடிச்சுரத்தைத் தட்டிவிட்டு வலது காலால் மிதிகட்டையை அழுத்தினால் அந்த ஒலி நின்று ஒலித்துக்கொண்டிருக்கும். அது ஓய்வதற்குள் கை பாய்ந்து மேலே போய் மெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நாள்பட நாள்படப் பாய்ச்சல் வேகமாகும். கண்ணை மூடிக் கேட்பவருக்கு இரண்டு கைகள் வாசிப்பதாகவே படும். இடது கையை இழந்து வலது கை மிஞ்சியிருந்தால் இவ்வளவு வசதி இருந்திராது. அப்போது மெட்டு வாசிக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் அல்லவா இருந்திருக்கும்.

அவருக்கு முன்னோடிகளும் இருந்தார்கள். ஹங்கேரியப் பிரபுவான கேஸா ஸிச்சி பதின்ம வயதில் வேட்டை விபத்தொன்றில் வலது கையை இழந்து, லிஸ்ட் என்ற மாமேதையிடம் பயின்று, மேடையேறிப் புகழ்பெற்றவர். முதலாம் உலக யுத்தத்தில் கை இழந்த சிப்பாய்களுக்காக, ஒற்றைக் கையால் அன்றாட வேலைகளைச் செய்வது எப்படி என்று ஒரு கைநூலே எழுதினார். கோடோவ்ஸ்கி என்ற கலைஞர் ஷோபினின் பயிற்சி உருப்படிகளை இடது கைக்காக மாற்றி எழுதியிருந்தார். அவற்றில் 22 உருப்படிகள் இடது கைக்கு மட்டுமானவை. பவுல் நூலகங்களிலும் கடைகளிலும் தேடித் தேடி இப்படியானவற்றைச் சேர்த்தார். போதாதவற்றைத் தானே மாற்றி எழுதினார்.

சட்டைப் பொத்தான் போடுவது, சப்பாத்து நாடா கட்டுவது, கத்தியால் உணவை வெட்டுவது, நீந்துவது என்று எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் செய்யப் பழகினார். யாராவது உதவிக்கு வந்தால் எரிச்சல்படுவார். செயற்கைக் கை பொருத்திக்கொள்ளவில்லை. கோட்டின் வெறும் கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு மேடைக்குப் போவார். இன்னும் வியப்பான விடயம், 1917 இல் அவர் மறுபடியும் படைக்குத் திரும்பிக் களமுனை அலுவல்களில் வேலை செய்தார் என்பது. அது வீரமா வீம்பா என்பதை வாசிப்பவர்களிடமே விடுகிறேன். 1918 இல் யுத்தம் முடிகிற தறுவாயில் இன்னொரு அண்ணனான கூர்ட் இத்தாலிய முனையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். ஐந்து ஆண்பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் பவுலும் லூட்விக்கும் மட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஊடகங்கள் எழுதும் கதைகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. இழப்பு, கண்ணீர், தன்னம்பிக்கை, மேடை, கைதட்டல். அதை வாசித்துவிட்டு, இரண்டு கையும் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, அவரே சாதித்துவிட்டார், நமக்கென்ன குறை என்று சொல்லிக்கொள்வார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அது குற்றப்பத்திரிகை மாதிரிக் கேட்கும்: நீ ஏன் இன்னும் சாதிக்கவில்லை? பவுலின் கதையையும் அந்த அச்சில் வார்த்துவிடலாம், பலர் வார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அச்சுக்குள் இரண்டு விடயங்கள் அடங்க மாட்டா. ஒன்று அவரது பணம். மற்றது அவரது குணம்.

முதலில் பணம். அந்த யுத்தம் ஒஸ்ரியாவில் மட்டும் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அவயவம் இழந்தவர்களாகவும் நோயாளிகளாகவும் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் அமைப்புகளாகத் திரண்டு குரல் எழுப்பிய பின்னர், 1919 இல் யுத்தத்தில் ஊனமுற்றோருக்கான இழப்பீட்டுச் சட்டம் ஒன்று அங்கே வந்தது. தெருமுனைகளில் கைப்பிடியைச் சுற்றினால் பாடும் இசைப்பெட்டியை வைத்துக்கொண்டு சில்லறைக்காக நிற்பதற்கு ஊனமுற்ற சிப்பாய்களுக்கு உரிமப்பத்திரம் கொடுக்கும் வழக்கம் அந்த நாட்டில் நெடுங்காலமாக இருந்தது. ஒஸ்ரிய எழுத்தாளர் ஜோசப் ரோத் 1924 இல் எழுதிய நாவலொன்றின் நாயகன் அப்படிப்பட்டவன்தான்: ஒரு கால் இல்லாதவன், ஒரு பதக்கமும் ஓர் உரிமப்பத்திரமும் ஓர் இசைப்பெட்டியும் அவன் சொத்து. அதே காலத்தில் பவுலுக்குத் தந்தையின் செல்வத்தில் பங்கு இருந்தது. லூட்விக் தன் பங்கு முழுவதையும் உதறியபோது அதிலும் ஒரு பகுதி அவருக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரே யுத்தத்தின் ஊனமுற்றவர்கள். மனவுறுதி இரண்டு பேருக்குமே இருந்திருக்கும். பியானோ ஒருவரிடம்தான் இருந்தது.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் இசை உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம். ஒற்றைக் கைக்கு இசை போதவில்லையென்றால் எழுதுவிக்க வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார். 1922 இன் முடிவிலிருந்து, காலத்தின் முன்னணி இசையமைப்பாளர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து இடது கைக்கான கோவைகளை வாங்கத் தொடங்கினார். கோர்ன்கோல்ட், ஹிண்டெமித், ஃபிரான்ஸ் ஷ்மிட் எழுதினார்கள். சிறுவயதில் தன்னோடு வாசித்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் எழுதினார். பின்னர் பிரான்ஸின் மொரிஸ் ராவெல், ரஷ்யாவின் புரொகோஃபீவ், இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன். பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். ராவெல் அதே யுத்தத்தில் பிரெஞ்சுப் படையில் லொறி ஓட்டியவர், அதாவது எதிரி. புரொகோஃபீவ், பவுலைச் சிறைபிடித்த நாட்டின் பிள்ளை.

ராவெல் எழுதியது இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. பத்தொன்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஒரே தொடர் உருப்படி. தாழ்ந்த வாத்தியங்களின் முனகலில், இருட்டுக்குள்ளிருந்து எழும்பி வருவதுபோலத் தொடங்கும். பிறகு வாத்தியக்குழு முழுவதும் அடங்கிப்போக, ஒற்றைக் கை மட்டும் தனியே நெடுநேரம் வாசிக்கும். கேட்டுப் பாருங்கள், இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. வாசிப்பவருக்கு இன்னொரு கை இல்லை என்ற நினைவே வராது.

பவுலுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. துணை இல்லாமல் தனியே வாசிப்பதென்றால் வாத்தியக்குழுவுக்காக எழுதச் சொல்லியிருக்க வேண்டியதில்லையே என்பது அவரது குறை. 1932 ஜனவரியில் வியன்னாவில் அதன் முதல் அரங்கேற்றம். அதே மாதம் தன் மாளிகைக்கு வந்த ராவெலுக்கு அதை வாசித்துக் காட்டியபோது, பவுல் தன் விருப்பப்படி பல இடங்களை மாற்றியிருந்ததைக் கேட்டு ராவெல் கொதித்துப்போனார். இருவருக்கும் பெரிய மனக்கசப்பு. அடுத்த ஆண்டு பரிஸில் ராவெலே வாத்தியக்குழுவை நடத்த, பவுல் வாசித்தார். காலம் செல்லச் செல்ல அந்தக் கோவையின் மகத்துவத்தை அவரும் ஏற்றுக்கொண்டார்.

புரொகோஃபீவ் எழுதி அனுப்பியதை, ஒரு சுரமும் விளங்கவில்லை என்று நன்றி கூறி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஹிண்டெமித் எழுதியதையும் ஒருநாளும் மேடையில் வாசிக்கவில்லை. வாசிக்காததை வேறு யாருக்கும் கொடுக்கவுமில்லை. இது அவரது குணத்தின் ஒரு பக்கம். முன்கோபி. எல்லோரோடும் சண்டை பிடிப்பார். தன் காசில் எழுதப்பட்டவை தன் சொத்து என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இந்த மனிதரின் உள்ளே என்னதான் ஓடிக்கொண்டிருந்தது? அவரிடம் பியானோ படித்த ஒரு மாணவி பல ஆண்டுகளின் பின் பதிவு செய்த நினைவொன்று இருக்கிறது. ஒரு புதிய உருப்படிக்கு எந்த விரலை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க வேண்டிய நேரங்களில், பவுல் கண்ணை மூடி யோசிப்பாராம். அப்போது வெட்டப்பட்ட வலது கையின் எஞ்சிய பகுதி கோட்டுக்குள் ஓயாமல் துடித்து அசைந்துகொண்டிருக்குமாம். தன் தீர்மானத்தை நம்பும்படி மாணவிக்குச் சொல்வார். காரணம், இல்லாத அந்த வலது கையின் ஒவ்வொரு விரலையும் தன்னால் இன்னும் உணர முடிகிறது என்பார். கை போய்ப் பல வருடங்கள் ஆன பின்பும் இப்படி.

இல்லாத காலில் கடி எடுப்பதும் இல்லாத விரல் வலிப்பதும் அவயவம் இழந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. மூளையில் அந்த அவயவத்துக்கென்று இருந்த இடம் அழிந்துபோவதில்லை என்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது வேதனை மட்டும்தான். பவுலுக்கும் வேதனை இருந்திருக்கும். ஆனால் அந்த மாயக் கையை அவர் வேலைக்கு அமர்த்தியிருந்தார். ஒம்ஸ்கில் சத்தமில்லாத பெட்டியில் வாசித்தவருக்கு, இல்லாத கையால் வாசிப்பது அவ்வளவு புதுமையாகப் பட்டிருக்காது.

1931 முதல் வியன்னாவில் ஓர் இசைக் கல்லூரியில் கற்பித்தார். அங்கே படிக்க வந்தவர்களில் ஒருவர் ஹில்டே ஷானியா. பார்வைக் குறைபாடு உடையவர், பவுலைவிட மிக இளையவர். இருவருக்கும் உறவு மலர்ந்தது. குடும்பத்துக்குச் சொல்லாமலே இரண்டு பெண்குழந்தைகளும் பிறந்தார்கள். ஆசிரியர் மாணவி என்ற நிலையிலிருந்து தொடங்கிய அந்த உறவை இன்றைய கண்ணால் பார்த்தால் கேள்விகள் எழத்தான் செய்யும்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்ரியாவுக்குள் நுழைந்தன. விட்கன்ஸ்ரைன் குடும்பம் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். ஆனால் பேரன் பேத்திகளின் பூட்டன்மார்வரை நோண்டிப் பார்த்த நாசிச் சட்டத்தின் கணக்கில், பவுலின் பாட்டன் பாட்டிமார் நால்வரில் மூவர் யூத வம்சம். ஆகவே அவர் யூதர். நாட்டுக்காகக் கையைக் கொடுத்து, பதக்கம் பெற்று, மறுபடியும் களத்துக்குப் போன அதிகாரிக்கு, மேடையில் வாசிக்கவும் கல்லூரியில் கற்பிக்கவும் தடை வந்தது. யூத வம்சத்தவரும் அல்லாதவரும் இணைந்து வாழ்வதே குற்றமாகிவிட்டபடியால் ஹில்டேயுடனான உறவும் ஆபத்தானது. சுவிற்சர்லாந்துக்குத் தப்பிப்போய், அந்த ஆண்டின் முடிவில் அமெரிக்காவை அடைந்தார். ஹில்டேயும் பிள்ளைகளும் பின்னர் போய்ச் சேர்ந்தார்கள். 1940 இல் கியூபாவில் திருமணம் நடந்தது.

வியன்னாவிலேயே தங்கிவிட்ட சகோதரிகளைக் காப்பாற்ற, வெளிநாட்டிலிருந்த குடும்பச் சொத்திலிருந்து 1.7 தொன் தங்கம் நாசி அரசுக்குப் போனது. அதற்கு ஈடாக 1939 ஓகஸ்டில் அவர்கள் கலப்பு வம்சத்தினர் என்று சலுகை கிடைத்தது. நாசிகளோடு அந்தப் பேரம் எப்படி, எவ்வளவுக்கு என்ற தகராறில் பவுலுக்கும் உடன்பிறப்புகளுக்கும் இடையில் விழுந்த விரிசல் கடைசிவரை ஆறவில்லை. கையை இழந்ததைப் பற்றி அவர் பேசியதைவிட இதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. சில இழப்புகளுக்குப் பெட்டியில் கட்டை கீறிப் பழக முடியாது.

ஐம்பது வயது கடந்து, மொழி மாறி, நாடு மாறி, மறுபடி முதலிலிருந்து. நியூயோர்க்கில் கற்பித்தார். பிரிட்டன் 1940 இல் எழுதிக்கொடுத்த கோவையை 1942 இல் பிலடெல்பியாவில் வாசித்தார். 1946 இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. வயதேற ஏற அவரது வாசிப்பு முரடாகிவிட்டதாக விமர்சகர்கள் எழுதினார்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பதும் தெரிகிறது. ஒரு கை, நாற்பது வருடங்களாக இரண்டு கைகளின் பாரத்தைச் சுமந்திருந்தது. 1957 இல், தான் கண்டுபிடித்த நுட்பங்களையும் மாற்றி எழுதிய உருப்படிகளையும் இடது கைக்கான பாடநூலாக மூன்று தொகுதிகளில் வெளியிட்டார். ஒம்ஸ்கில் தொடங்கிய கணக்கு அச்சாகி வெளிவர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது.

இதற்கிடையில் நடந்த ஒரு சம்பவம் அவருக்குப் பெருமை சேர்ப்பதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் வலது கையை இழந்த ஜேர்மன் பியானோக் கலைஞர் சீக்ஃபிரீட் ராப், தானும் இடது கையால் வாசிக்க முயல்வதாகவும், பவுலிடம் உள்ள கோவைகளைத் தந்துதவும்படியும் 1950 அளவில் கடிதம் எழுதினார். இதே இடத்தில் முப்பது வருடங்களுக்கு முன் நின்றவர் பவுல். லாபோர் கேட்காமலே எழுதிக்கொடுத்த கை அது. பவுல் மறுத்துவிட்டார். தன் பணமும் உழைப்பும் போட்டு உருவானவை, தான் மேடையில் வாசிக்கும்வரை தனக்கே உரியவை என்பதுதான் பதில். ராப் விடவில்லை. வேறு வழியில் புரொகோஃபீவின் கோவையைப் பெற்று, 1956 செப்டெம்பரில் பெர்லினில் வாசித்தார். எழுதப்பட்டு 25 ஆண்டுகளின் பின், எழுதியவரும் இறந்துவிட்ட பின், அதுதான் அதன் முதல் அரங்கேற்றம். வாசித்தது இன்னொரு யுத்தத்தின் ஒற்றைக் கை.

பவுல் 1961 மார்ச் 3 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில் காலமானார். ஹில்டே அவருக்குப் பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து 2001 இல் மறைந்தார். அதன் பிறகுதான் வீட்டிலிருந்த பொருட்களுக்குள் ஹிண்டெமித் 1923 இல் எழுதிய கோவை கண்டெடுக்கப்பட்டது. 2004 டிசெம்பரில் பெர்லினில் அதை முதன்முதலாக வாசித்தவர் அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃபிளைஷர். 1960களில் நரம்புக் கோளாறொன்றால் அவரது வலது கையின் இரண்டு விரல்கள் சுருண்டு மடங்கிவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மேடையேறியது பெரும்பாலும் இடது கையால். அந்தக் காலம் முழுவதும் அவருக்குச் சோறு போட்டவற்றில் முதன்மையானது, பவுல் முதலில் பிடிக்கவில்லை என்று சொன்ன ராவெலின் கோவை.